நாங்க என்றால் யார்?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, மருந்துக் கடையைத் தாண்டி, லிஃப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டில் கீழே இறங்கினால் முதலில் வரவேற்பது சூடான சோப்பு வாசனைதான். அங்கேதான் சலவைப் பிரிவு இருக்கிறது. நாலு பெரிய மெஷின், மூன்று உலர்த்தி, விரிப்பை விழுங்கி மொடமொடவென்று வெளியே தள்ளும் நீளமான ரோலர், நடுவில் ஒரு மடிப்பு மேசை. மேலே ஐந்து மாடியில் எத்தனை நோயாளிகள் படுத்திருந்தாலும், எத்தனை டாக்டர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தாலும், அவ்வளவு துணியும் இந்தக் கூடத்துக்கு வந்துதான் போயாக வேண்டும்.

அந்த மடிப்பு மேசையில் பத்தொன்பது வருஷம் நின்றவள் அவள். பெரிய கட்டில் விரிப்பை ஒரு ஆளாக நின்று ஒன்பது விநாடியில் மடித்துவிடுவாள். ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது. அதனால் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். மேலே இருக்கிற நர்சுகள்கூட அவளுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் போனார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "மூணு மாசம் பாத்துக்க. சரியா வந்துச்சுன்னா இந்த வேலை உனக்கே" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து சொன்னாள். கூடவே பத்தொன்பது வருஷம் நின்ற ரோலர்க்காரி அவளைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அன்று எல்லோருக்கும் டீ அவள் செலவு.

பதவி வந்ததும் கொம்பு முளைத்துவிட்டதா என்றால், அப்படியெல்லாம் சொல்ல முடியாது. முளைத்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

பழைய மேற்பார்வையாளருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாயைத் திறந்தால் "நாங்க முடிவு பண்ணிருக்கோம்" என்பார். டீ நேரத்தைக் குறைத்தாலும் நாங்க, விடுமுறையை மறுத்தாலும் நாங்க. அந்த நாங்க யார் யார் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. சாப்பாட்டு வேளையில் ரோலர்க்காரி எழுந்து நின்று, "நாங்க இப்ப பாத்ரூம் போறதா முடிவு பண்ணிருக்கோம்" என்று தனியாக நடந்து போவாள். மடிப்பக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். அப்படிச் சிரித்தவளின் நாக்கில்தான் அந்த வார்த்தை வந்து குடியேறியது. எப்படி வந்தது, எந்தக் கிழமை வந்தது என்று அவளுக்கே தெரியாது!

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் வீட்டில். நேரில் வந்து கட்டளை போட நேரமில்லாதபோது அவள் எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது வழக்கம். பதினொன்றாவது படிக்கும் மகள் அம்மாவின் போனில் எதையோ தேடப் போய், கை தவறி அதில் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, யாரும்மா இந்த நாங்க?"

"எந்த நாங்க?"

"நீதான் சொல்ற. 'இனிமே டீ டைம் பதினஞ்சு நிமிஷம்தான்னு நாங்க முடிவு பண்ணிருக்கோம்.' யாரு யாரு சேந்து முடிவு பண்ணீங்க?"

"யாரும் இல்லடி. நான்தான்."

"அப்ப நான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படிச் சொன்னா யாரு கேப்பா?"

சொல்லிவிட்டாளே தவிர, சொன்னது அவளுக்கே சுருக்கென்றது. போனை வாங்கி இன்னொன்றைத் தட்டினாள். அப்புறம் இன்னொன்று. தாயும் மகளும் தரையில் உட்கார்ந்து இரண்டு மாதத்து மெசேஜையும் வரிசையாகக் கேட்டார்கள். மகள் பழைய நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கெடுத்தாள். தன் குரலைத் தானே கேட்பது பெரிய கொடுமை. "இப்படியாடி பேசுறேன்?" என்று பத்து முறை கேட்டிருப்பாள். "இதைவிட மோசமா பேசுற" என்றாள் மகள்.

கடைசியில் தேறியது இது: நாங்க, நாற்பத்தொன்று. நீங்க, எண்ணி மாளவில்லை. நாம, ஆறே ஆறு. அந்த ஆறும் ஏதாவது குளறுபடி ஆன நாளில் வந்தவை: "நாம லேட் பண்ணிட்டோம்", "நாம தொலைச்சுட்டோம்." கட்டளை போடும்போது அவர்களைத் தள்ளி வைத்த வாய், அடி விழும்போது மட்டும் தோளில் கை போட்டு இழுத்து நிறுத்தியிருக்கிறது. நான் என்பது மூன்று. "நான் சொன்னேன்ல", "நான் அப்பவே சொன்னேன்", "நான் நாளைக்கு லீவு."

அந்த மூன்றாவதைக் கேட்டதும் மகள் விழுந்து புரண்டு சிரித்தாள். அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. வெட்கமும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பரபரப்பு இருந்தது. இரண்டு மாதமாக ரோலர்க்காரி ஏன் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பது இப்போதுதான் பிடிபட்டது. நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் கையிலேயே இருக்கிறது! இனி நாங்க கிடையாது, எல்லாம் நாமதான். திங்கட்கிழமை எப்போது விடியும் என்றாகிவிட்டது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை கூடத்தின் நடுவில் நின்று முழங்கினாள். "நாம இன்னிக்கு ரெண்டாவது மாடி விரிப்பெல்லாம் முடிச்சிடலாம். நாம மூட்டையெல்லாம் பத்து மணிக்குள்ள இறக்கிடலாம். நாம..."

"நாமன்னா நீங்களும் மூட்டை தூக்குவீங்களா மேடம்?" என்றாள் ரோலர்க்காரி.

பத்தொன்பது வருஷம் வாடி போடி என்றவள் வாயிலிருந்து நீங்களும் மேடமும்! மடிப்பக்கா சிரித்து மழுப்பினாள். அந்த வாரம் முழுக்க நாம மழையாகக் கொட்டியது. தள்ளுவண்டி தள்ளும் இருவரில் ஒருவன், "அக்கா, நாம நாளைக்கு லீவு எடுத்துக்கலாமா? நீங்க மட்டும் வாங்க" என்று கேட்டான். துணி பிரிக்கும் மேசையில் நிற்கும், ஒருவருக்கொருவர் நாத்தனார் முறையான இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோளாறு எங்கேயோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத் திறப்பு விழா. டாக்டர்கள் அறுபத்து நாலு பேரும் வெள்ளைக் கோட்டோடு வரிசையாக நின்று போட்டோ எடுக்க வேண்டும். கோட்டுகள் அதிகாலையிலேயே கீழே வந்துவிட்டன. மேனேஜர் ஒன்பது மணிக்குள் நாலு தடவை போன் பண்ணிவிட்டார்.

அதே காலையில் வார்டுகளுக்கான புதுச் சிவப்புப் பைகள் நாற்பது வந்து இறங்கின. தொற்று நோயாளிகளின் துணியை அடைத்து அனுப்புகிற முரட்டுத் துணிப் பைகள். புதுப் பையை ஒரு தடவை அலசித்தான் வார்டுக்குக் கொடுக்க வேண்டும். அதையும் தனியாக அலச வேண்டும். சலவைப் பிரிவில் இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் அவள் அந்த மாதம் வெந்நீர்ச் செலவைக் குறைத்து மேனேஜரிடம் பாராட்டு வாங்கியிருந்தாள். கோட்டுகள் போட்ட மெஷினில் பாதி இடம் காலி. மூன்றாவது மாடியில் விரிப்புப் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டிருந்தவள், காலியாக ஓடுவானேன் என்று நினைத்து, பைகளையும் அதிலேயே போடச் சொல்லி மெசேஜ் அனுப்பினாள்.

மெஷின் ஓட்டுகிறவனுக்கு நாலு வார்த்தை என்று பட்டப் பெயர். ஒரு மூச்சில் அதற்கு மேல் பேச மாட்டான். அவனிடமிருந்து பதில் வந்தது: "புதுப் பை அக்கா. சாயம்போகும்."

அவள் படியில் ஓடிக்கொண்டே போனை வாயருகில் வைத்தாள். ஒரு வாரத்து நாம எல்லாம் காற்றில் பறந்துவிட்டது. "அதெல்லாம் நாங்க யோசிச்சு முடிவு பண்ணியாச்சு. நீங்க கேள்வி கேக்காம போடுங்க. ஒரு ஓட்டம் மிச்சம்." பதினாலு விநாடி. கீழே அவன் அதைச் சத்தமாக வைத்துக் கேட்டான். பக்கத்தில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. அவன் பைகளைப் போட்டு, கதவைச் சாத்தினான்.

பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தபோது அவள் கீழே வந்து சேர்ந்திருந்தாள். அறுபத்து நாலு கோட்டும் இளஞ்சிவப்பு! வெந்நீரில் குளிப்பாட்டிய குழந்தையின் கன்னம் மாதிரி, ஒன்று பாக்கியில்லாமல், காலரிலிருந்து கைமுனைவரை. நாத்தனார்களில் சின்னவள், "பாக்க அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மடிப்பக்காவின் வாய் தானாகத் திறந்தது. "நாம பெரிய தப்பு பண்ணிட்டோம்."

காலை ஏழு மணிக்கு ஓடத் தொடங்கினால் மாலைவரை நிற்காத ரோலரை ரோலர்க்காரி கை நீட்டி நிறுத்தினாள்.

"இதுலயும் நாமளா?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. துணி வாங்க வந்த வார்டு ஆள் யாரோ அதற்குள் மேலே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் சத்தத்துக்காக எப்போதும் ஸ்பீக்கரில் பேசுகிறவள் அவள். மேனேஜரின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அந்த மெஷின ஓட்டுனது யாரு? அவனுக்கு இன்னிக்கோட கடைசி. மூணு மணிக்குக் கீழ வர்றேன், பேர எழுதி வை."

நாலு வார்த்தை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் சட்டைப் பையில்தான் போன் இருந்தது. அதற்குள்தான் அந்தப் பதினாலு விநாடியும் இருந்தது. அவன் அதைத் தொடக்கூட இல்லை. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் உள்ளவன் அவன்.

அவள் சோப்புத் தூள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனை எடுத்துத் தான் அனுப்பியதைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வார்த்தைகளை எண்ணினாள். இப்போது குரலை மட்டும் கேட்டாள். அது பழைய மேற்பார்வையாளரின் குரலே இல்லை. அது பயந்துபோன ஒருத்தியின் குரல். நான் என்று சொன்னால், "நீ யாருடி, நேத்துவரைக்கும் எங்ககூட நின்னு மடிச்சவதானே?" என்று கேட்டுவிடுவார்களோ என்கிற பயம். கட்டளை போடும்போது நாங்க என்கிற கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். தப்பு நடந்தால் நாம என்கிற கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறாள். ஒரு வாரமாகத் திருந்திவிட்டேன் என்று குதித்ததெல்லாம், ஒளிகிற இடத்தை மாற்றியதுதான்.

மெசேஜின் மேல் விரல் நின்றது. எல்லோரிடமிருந்தும் அழிக்கவா என்று போன் கேட்டது. ஒரு தட்டு தட்டினால் அவன் போனிலிருந்தும் போய்விடும். பதவி பிழைக்கும். மூன்று மாதத்தில் இன்னும் நாலு வாரம்தான் பாக்கி. மகளின் கல்லூரி வரைக்கும் அவள் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் அந்த நாலு வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மனசு அடித்துக்கொண்டது உண்மை. அதை மறைத்து அவளைத் தேவதையாக்க எனக்கு இஷ்டமில்லை. அரை நிமிஷம் நின்றாள். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"தப்பு நாம பண்ணல. நான் பண்ணேன்" என்றாள். "தம்பி வேணாம்னு சொன்னாரு. நான்தான் போடச் சொன்னேன். முடிவு பண்ணது நாங்க இல்ல. நாங்கன்னு யாருமே இல்ல. நான் ஒருத்திதான். இப்ப என்ன செய்யறதுன்னு எனக்குச் சத்தியமா தெரியல. தம்பி, சாயத்தப் பத்தி இங்க உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, நான் செய்றேன்."

யாரும் கை தட்டவில்லை. நாலு வார்த்தை ஒரு கோட்டை எடுத்துப் பிழிந்து பார்த்தான், முகர்ந்து பார்த்தான். "இன்னும் காய வைக்கல. நல்லது."

அப்புறம்தான் பார்க்க வேண்டும்! சாயம் சூட்டில் காய்ந்தால்தான் நூலைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தில் இருக்கும்வரை பிடுங்கிவிடலாம் என்றான். மேல் தட்டில் சாயம் எடுக்கிற தூள் இருக்கிறது, கொதிக்கிற நீரில் மூன்று அலசல், ஒவ்வொன்றுக்கும் புதுத் தண்ணீர் என்றான். நாலு நாலு வார்த்தையாக அவன் சொல்லச் சொல்ல ஆட்கள் பறந்தார்கள். நாத்தனார்கள் சிவப்புப் பைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் தூள் டப்பாவை இறக்கினார்கள். உலர்த்திக்காரர் தன் மெஷினை விட்டுவிட்டு வெந்நீர்க் குழாயைத் திருகப் போனார். மடிப்பக்கா சொட்டச் சொட்ட ஈரக் கோட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"அப்படித் தூக்காத, முதுகு போயிடும்! முழங்கால மடக்கு!" என்று ரோலர்க்காரி பின்னாலிருந்து கத்தினாள். மேடம் போய்ப் பழைய நீ திரும்பி வந்ததை ஓட்டத்தில் இருவருமே கவனிக்கவில்லை.

முதல் அலசலில் நிறம் பாதியாகியது. இரண்டாவதில் தையல் ஓரங்களில் மட்டும் தங்கியது. எட்டு பேரும் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "போகுது! போகுது!" என்று சின்ன நாத்தனார் குதித்தாள். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு உற்சாகத்தை மடிப்பக்கா தன் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை. மூன்றாவது அலசல் ஓடத் தொடங்கியபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி மூன்று.

"பேர் எழுதி வெச்சியா?" என்றார் மேனேஜர்.

அவள் தாளை நீட்டினாள். அவர் படித்தார். "இது உன் பேரு. ஓட்டுனவன் பேரக் கேட்டேன்."

"ஓட்டுனது இவரு சார். ஓட்டச் சொன்னது நான். சாயம் போகும்னு சொன்னாரு, நான் கேக்கல. இந்தாங்க, நீங்களே கேளுங்க." போனை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பதினாலு விநாடியும் ஓடி முடிந்தது.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "நாங்க யோசிச்சு முடிவு பண்ணோமா? நாங்கன்னா? நானுமா? நான் எப்ப முடிவு பண்ணேன்?"

"நீங்க இல்ல சார். அப்படி யாருமே கிடையாது. சும்மா பந்தாவுக்குச் சொன்னது."

ரோலர் பக்கத்திலிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவதுபோல் நடித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்தார்.

"அப்ப உன் மூணு மாசம் இதோட முடிஞ்சுது. நாளைக்கு மேசைக்குப் போ. சரி, அஞ்சு மணிக்குக் கோட்டு வரலன்னா அதுக்கு யாரு பொறுப்பு? இப்ப யாரக் கேக்கறது நான்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாங்க சார்."

சொன்னவன் நாலு வார்த்தை. அவளுக்கு நெஞ்சில் முள் ஏறியது. நாங்க. அவர்கள் ஏழு பேர். இரண்டு மாதம் அவர்களை வெளியே நிறுத்தி அவள் சொன்ன வார்த்தை, இப்போது அவளை வெளியே நிறுத்திவிட்டது. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். நியாயம் என்று தெரிந்தும் வலித்தது.

மேனேஜர் எரிச்சலோடு திரும்பினார். "மறுபடியும் நாங்களா? இதுல யாரு யாரு? ஆள் கணக்கு சொல்லு."

அவன் அவசரப்படவில்லை. சோப்பில் ஊறிய விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான். தள்ளுவண்டிக்காரர்கள் இரண்டு பேர். நாத்தனார்கள் இரண்டு பேர். உலர்த்திக்காரர். ரோலர்க்காரி. தன் மார்பைத் தொட்டுக்கொண்டான், ஏழு. விரல் நிற்கவில்லை. சுற்றி வந்து அவளுக்கு நேராக நின்றது.

"எட்டு சார். கோட்டு வந்துடும்."

மேனேஜர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்திக்கொண்டே போனார். எட்டாவது முகத்தில் வந்து நின்றார். "அஞ்சு மணி" என்றார். மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அவளை மேசைக்குப் போகச் சொல்லி எழுத்தில் எதுவும் அன்றும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

மெஷின் நின்றது. நாலு வார்த்தை கதவைத் திறந்து முதல் கோட்டை உருவி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளை! தையல் ஓரத்தில்கூட வெள்ளை! நாத்தனார்கள் கூச்சலிட்டார்கள், தள்ளுவண்டிகள் இரண்டும் ஒன்றோடொன்று மோதின. மடிப்பக்கா அந்த இடத்திலேயே நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

ரோலர்க்காரி வந்து அவள் தோளில் ஒரு இடி இடித்தாள். "அழறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கடி. அறுபத்து நாலு கிடக்கு. வா, மடி."